பின்கட்டு ஜன்னல்

மஞ்சுவுக்கு நாச்சியார் அன்று தலை பின்னவில்லை. ஆனால் பின்னியிருந்தது. ரெட்டைச் சடைதான் எப்போதும். இது இறுக்கமான ஒற்றைச் சடை. யார் பின்னியது என்று கேட்டதற்கு, ஐந்து வயதுப் பிள்ளை பின்கட்டு அறையின் புது ஜன்னலைக் கைகாட்டியது.

மேலகரத்துப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து லாட்ஜாகிக்கொண்டிருந்தன. இதையும் விற்றுவிடலாம் என்று ராணுவத்திலிருந்த கணவன் மணிமுத்து சொன்னபோது, கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள் நாச்சியார்தான். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தங்கட்டும் என்று வெள்ளையடித்தாள். பின்கட்டு இருட்டாக இருந்தது. சுவரில் ஓரிடம் மட்டும் வேறு செங்கல்லாகத் தெரிந்ததால், பழைய ஜன்னலை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, போன வாரம் கொத்தனாரை வைத்து உடைத்துத் திறந்தாள்.

மூன்று நாளாக விடாத சாரல் ஓட்டின்மேல் சொரிந்துகொண்டே இருக்க, நனைந்த சுவரின் வாடையும் புதுச் சிமெண்டு வாடையும் கலந்து கிடந்த அந்த அறைக்குள், யாரோ இப்போதுதான் தலைமுழுகி வந்ததுபோல் சீயக்காய் மணத்தது. அந்த வீட்டில் யாரும் சீயக்காய் தேய்ப்பதில்லை.

அவள் மணிமுத்துவைப் போனில் கூப்பிட்டாள். ஜன்னலைத் திறந்ததையும் சடையையும் சொன்னாள்.

"அதை எதுக்குட்டி தொறந்தே? பாலம்மாளை அந்த வழியாத்தான் வெளிய எடுத்தோம்."

பாலம்மாள் அவனுடைய முதல் மனைவி. மஞ்சுவைப் பெற்ற பத்தாம் நாள் இறந்தவள். ஆகாத நட்சத்திரத்தில் செத்தவர்களை வாசல் வழியே எடுப்பதில்லை. திரும்பி வர வழி தெரியக் கூடாதென்று சுவரை உடைத்து எடுத்துவிட்டு உடனே அடைத்துவிடுவார்கள். நாச்சியாருக்கும் தெரிந்த வழக்கம்தான். இந்தச் சுவர்தான் அது என்று யாரும் சொல்லவில்லை.

"போனவளுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். அடைச்சிரு. பிள்ளையை அங்கன விடாதே."

நாச்சியார் பெறவில்லையே தவிர, மஞ்சு அவள் பிள்ளை. யாருக்கும் கொடுக்க மாட்டாள். பிள்ளையை முன்கட்டில் உட்கார வைத்துவிட்டு, முற்றத்தில் மிஞ்சிக் கிடந்த செங்கலைத் தானே சுமந்தாள். சிமெண்டு குழைத்தாள். ஒரு வரிசை. இன்னொரு வரிசை. வெளிச்சம் குறைந்தது. கடைசிக் கல்.

இனி வர வழியில்லை.

சீயக்காய் வாசனை மட்டும் குறையவில்லை. முதுகுப் பக்கமிருந்து வந்தது. திரும்பினாள்.

அறை நடுவில் மஞ்சு நின்றிருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. ரிப்பன் தரையில் கிடந்தது. அவிழ்ந்த கூந்தல் மூன்று பிரிவாக அந்தரத்தில் நின்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நிதானமாகப் பின்னிக்கொண்டு இறங்கியது.

"வலிக்கும்மா. மெல்ல," என்றாள் மஞ்சு, நாச்சியாரைப் பார்க்காமல்.