பெட்டியை எடுத்த பிறகும்

ஆர்லன் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆனாலும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

பின்னால் கட்டி இழுத்து வரும் காரில் பிரேக் பிடித்தால் மட்டுமே எரிய வேண்டிய விளக்கு அது. காரில் ஆள் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், தரையில் ஒரு பெட்டி இருக்கும். முன்னே போகும், படுக்கையும் அடுப்புமாக வீடு போலவே இருக்கும் இந்த வீட்டு வண்டியில் ஆர்லன் பிரேக்கை மிதித்தால், பெட்டி தன் இரும்புக் கையை நீட்டிக் காரின் பெடலை அமுக்கும். அதற்கு இருந்தது இந்த ஒரே வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லாமல் மூன்று நாளாக அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் மாற்றியாயிற்று. பேட்டரியும் புதிது. விற்றவர்களுக்குப் போன் செய்தால், நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு, ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்கள். நேற்று தங்கிய வண்டி முகாமில் கேட்கவே வேண்டாம். காபிக் கோப்பையும் கையுமாக நாலு கிழவர்கள் பம்பரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆர்லனுக்கும் வயது அறுபத்தெட்டு என்பது வேறு விஷயம்.

"ஏதோ கருகுற நாத்தம் வருது," என்றாள் லவோன். நாற்பத்தோரு வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"எனக்கும் மூக்கு இருக்கு."

"இருந்து என்ன பிரயோஜனம்? வண்டிய நிறுத்து."

அமெரிக்காவின் பிக்ஹார்ன் மலை ஏற்றத்தில் பாதி தூரம் வந்திருந்தார்கள். மாலை நான்கு மணிகூட ஆகவில்லை, அதற்குள் மூடுபனி சாலைவரை இறங்கி, பைன் மரங்களின் அடிப்பாகத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் விழுங்கியிருந்தது. குளிர்காலத்தில் பனியில் வழுக்காதபடி சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட ஒதுக்கிய அகன்ற ஓரத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக் போட்டுவிட்டு இறங்கியபோது, எரிந்த ரப்பரும் காய்ந்த இரும்பும் கலந்த நெடி அடித்தது, சூடாறும் சக்கரங்கள் டிக் டிக்கென்று முனகின, அதைத் தவிர அந்த மலையில் வேறு சத்தமே இல்லை.

காரின் கதவைத் திறந்தான். பெட்டியின் கை மடங்கியே கிடந்தது. அது எதையும் அமுக்கவில்லை.

பெட்டி நகராமல் இருக்க, காலையில் இருக்கையை முன்னால் தள்ளி முட்டுக் கொடுத்திருந்தான். இப்போது அது கடைசிவரை பின்னால் போயிருந்தது. நெட்டைக்காலன் ஒருவன் தோதாக உட்காரும் அளவுக்கு. அந்தக் கிழவர்களில் எவனோ கைவைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே பெட்டியைப் பிடுங்கி வந்து, வீட்டு வண்டியின் சாப்பாட்டு மேசைக்கு அடியில் எறிந்தான்.

ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

பெட்டியே இல்லை, ஆனாலும் எரிகிறது. அப்படியானால் வயர்தான் கோளாறு! மூன்று நாளில் முதல்முறையாக அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டி நிறுத்தும்போது பேசிக்கொள்ளும் ரேடியோக்களில் ஒன்றை லவோனிடம் கொடுத்தான்.

"போய்ப் பக்கத்து சீட்ல உக்காரு. பெடலை மட்டும் பாரு. அசையாது. அசையலன்னு சொல்லு, போதும்."

"பதிலையும் நீயே சொல்லிட்டா நான் எதுக்கு?" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்பக்கக் கேமராவில் வெறும் சாம்பல் நிறம்.

"மிதிக்கிறேன். அசையுதா?"

"கீழ போகுது."

"சரியாப் பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு ஒரே இருட்டு. ஆனா பெடல் தெரியுது."

அவன் காலை எடுத்தான். இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தான். திரும்பிப் பார்த்தான். பெட்டி மேசைக்கு அடியில்தான் கிடந்தது.

"இப்ப?"

"இன்னும் அமுங்கித்தான் இருக்கு."

"லவோன். எறங்கி வா."

அவள் சிரித்தாள். "ரேடியோல எறங்குங்குற. பக்கத்துல உக்காந்துகிட்டு இருங்குற. எந்த ஆர்லன் சொல்றதக் கேக்குறது?"

கேலி செய்கிறாள். கேலியாகத்தான் இருக்க வேண்டும். அவள் சிரிப்புக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆர்லன் செருமுவது போலவே.

ஓடினான்.

இணைப்புக் கம்பி காரோடு சேர்ந்திருக்கவில்லை. மடித்து, வண்டியின் பின்புறம் மாட்டியிருந்தது. காரைப் பிணைத்திருந்த சங்கிலிகள் கழற்றப்பட்டிருந்தன. வயர் ஒழுங்காகச் சுருட்டியிருந்தது. அவன் சுருட்டும் விதத்தில். கம்பியைப் பூட்டும் இரண்டு ஊசிகளும் ஈரமான தார்ச்சாலை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன.

ஆறடி தள்ளி, சரிவில், கார் தனியாக நின்றது. இழுப்பதற்காக அவனே நியூட்ரலில் விட்ட கார். கைப்பிரேக்கும் போடவில்லை. கீழே, வளைவுக்கு அப்பால், பள்ளத்தாக்கு. காருக்குப் பின்னால் மூடுபனி சிவந்திருந்தது. பிரேக் விளக்குகள்.

ஒரு கால். அதை அந்த ஒரு கால்தான் பிடித்து நிறுத்தியிருந்தது.

மூன்று நாளாக அந்தப் பிரேக்கைச் சபித்தவன், "விட்டுடாதே," என்று கெஞ்சினான். "தயவு பண்ணி விட்டுடாதே."

கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. கண்ணாடியை அறைந்தான். உள்ளே வெள்ளை ஆவி.

கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. அவனுடைய குரல். ஆனால் பொறுமையாக. இந்த மூன்று நாளில் அவன் ஒருமுறைகூட அவளிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

"கோளாறு எங்கன்னு புடிச்சுட்டேன் லவோன். இப்ப விட்டுப் பாக்குறேன். நீ பெடலைப் பாரு."

"ம். விடு."

மூடுபனியின் சிவப்பு அணைந்தது. கைப்பிடி அவன் விரல்களிலிருந்து நழுவியது. பின்னோக்கி உருளத் தொடங்கிய காரின் முன்கண்ணாடியை உள்ளிருந்து யாரோ துடைத்தார்கள். துடைத்த வட்டத்துக்குள் லவோன் குனிந்து பெடலையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளை ஒரு கை அணைத்திருந்தது. பக்கத்தில், சாவகாசமாகச் சாய்ந்து, ஆர்லன் உட்கார்ந்திருந்தான்.