கார்மேகம் தாங்குவார்

காலையில் காபி கலப்பதற்கு முன்னால் தில்லைநாயகி தன் கணவனை ஊசியால் குத்துவாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. கீழ்மடையில் களவீரர் இருக்கும் வீடுகளில் இதுதான் வழக்கம். சர்க்கரைக்காரர்கள் விரலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது மாதிரி. கார்மேகம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவான். அவள் ஒவ்வொரு விரலாகக் குத்திக்கொண்டே கேட்பாள்.

"சுண்டுவிரல்?"

"சுருக்குங்குது."

"மோதிர விரல்?"

"ம்… லேசா சுருக்குன்னுச்சு."

"பொய் சொல்லாதீங்க. நான் இன்னும் குத்தவே இல்ல."

கார்மேகம் கண்ணைத் திறந்து அசட்டுச் சிரிப்பு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் சுண்டுவிரலிலும் கட்டைவிரலிலும் முழு உணர்ச்சி இருந்தது, மற்றவற்றில் பாதிக்குப் பாதியாவது இருந்தது. இப்போது வலது கையில் உணர்ச்சி உள்ளது இரண்டு விரல்தான். அவள் காபியை ஆற்றிக் கொடுத்தாள். சூடு தெரியாமல் குடித்து வாயைப் புண்ணாக்கிக்கொள்கிறவனுக்கு வேறு எப்படிக் கொடுப்பது?

கீழ்மடை செவ்வாய்க் கோளில் இருக்கிறது. பக்கத்தூர் செங்கரை. இரண்டுக்கும் நடுவே பூமிக்கடியில் ஒரு பனிப்பாளம். அதை உருக்கித்தான் இரண்டு ஊரும் குடிக்க வேண்டும், குளிக்க வேண்டும், கீரை வளர்க்க வேண்டும். ஐம்பது வருடங்களுக்கு முன் அதற்காக வெட்டு குத்து என்று ஆரம்பித்து, காற்றுக்கூரையில் ஓட்டை போடுகிற அளவுக்குப் போய், ஒரே பகலில் முந்நூறு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். அதற்கப்புறம் புத்தி வந்தது. சண்டையை ஆட்டமாக மாற்றிக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆட்டம். ஜெயிக்கிற ஊருக்குப் பனிப்பாளம். தோற்ற ஊர் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

இந்த ஆட்டம் நமக்குப் புதிதல்ல. நம் காலத்தில் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடிக்கொண்டிருந்தது இதேதான். பக்கத்துக்கு ஐந்து வீரர்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு பொருள்கள் தேர்ந்தெடுத்து மாட்டலாம். எதிரியின் உயிர்க்கல்லை உடைத்தால் வெற்றி. அப்போது அடிபட்டவன் திரைக்குள் இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வரேன்" என்று கத்துகிறவன் வெளியே இருந்தான். செவ்வாயில் அந்த இடைவெளியை எடுத்துவிட்டார்கள். களத்தில் இறங்குவது உலோகத்தாலும் செயற்கைத் தசையாலும் ஆன கள உடல். வீரன் கட்டிலில் படுத்திருப்பான். அவன் பிடரியில் பொருத்திய நரம்புப் பாலம் அந்த உடலை ஓட்டும். அங்கே விழும் அடியின் வலியைத் திருப்பிக் கொண்டுவந்து இங்கே சேர்க்கும்.

வலி எதற்கு என்று கேட்கலாம். அது உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு. வலிக்காத சண்டையை மனிதர்கள் நிறுத்தவே மாட்டார்கள் என்று, முந்நூறு பேரைப் புதைத்த கையோடு பெரியவர்கள் எழுதிவைத்தது.

ஐந்து வீரர்களில் ஒருவனுக்குத் தாங்கி என்று பெயர். வேகம் கிடையாது, அடிக்கிற அடியிலும் பெரிய பலம் கிடையாது. முன்னால் போய் நின்று, மற்ற நாலு பேர் மேல் விழ வேண்டிய அடியையும் தானே வாங்குவது அவன் வேலை. கார்மேகம் ஒன்பது வருடமாகத் தாங்கி. ஊர் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. மின்தூக்கியில் வழிவிடுவார்கள், உணவுக்கூடத்தில் முதல் தட்டு அவனுக்கு, பிள்ளைகளுக்குக் கார்மேகம் என்று பேர் வைத்தார்கள். அடி வாங்குகிறவனைக் கொண்டாடுவதில் மற்றவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஓய்வு உண்டா என்றால் உண்டு. களத்தில் மூன்று முறை விழுந்த வீரனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கார்மேகம் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

மருத்துவர் நூர்ஜகான் நரம்புப் படத்தைச் சுவரில் விரித்துக் காட்டினார். மரத்துப்போன இடமெல்லாம் கறுப்பு. கறுப்பு தோள்வரை ஏறியிருந்தது.

"போன தடவை வாங்குன மாதிரி இன்னொரு ஆட்டத்துல வாங்குனாருன்னா அவ்வளவுதான் தில்லை."

"உசுருக்கா டாக்டரம்மா?"

"உசுருக்கு ஒண்ணும் வராது. உணர்ச்சி போயிரும். உடம்பு பூரா. நீங்க தொட்டாக்கூட அவருக்குத் தெரியாது."

"அப்ப நிறுத்தச் சொல்லுங்களேன்! நீங்க எழுதிக் குடுத்தா கேக்க மாட்டாங்களா?"

"எழுதிக் குடுத்துட்டேன். மூணு தடவை விழுந்தாரான்னு கேட்டு பதில் வந்துச்சு."

அன்று வீட்டில் அவள் கெஞ்சிப் பார்த்தாள். "ஏங்க, வேணும்னே விழுந்துருங்களேன். முதல் பத்து நிமிஷத்துல. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க. அந்தத் தேன்மொழிப் புள்ளைக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. நான் நகந்தா அவ மேல விழும்."

"என் மேல விழுறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் கிட்டே வந்தான். அவள் தோளில் கை வைத்தான். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாததால் அவளுக்கு வலித்தது.

ஆக, அவளிடம் மிச்சமிருந்தது ஒரே உரிமை. வீரனுக்கான ஆறு பொருள்களையும் அவனுடைய நெருங்கிய உறவுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஊர்ப் பேரவையே தேர்ந்தெடுத்தது. எல்லாருக்கும் கத்தியும் பீரங்கியுமாக மாட்டி அனுப்பியது. அம்மாக்களும் மனைவிமார்களும் பேரவை வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டு வாங்கிய உரிமை இது. தில்லைநாயகி இரண்டு வாரம் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒரு விஷயம் பிடிபட்டது. எதிரிகள் கார்மேகத்தை அடிப்பது அவன் முன்னால் நிற்பதால் அல்ல. அவன் மார்பில் இருக்கும் வம்பிழுப்பான் என்ற பொருளால். அது ஒரு சமிக்ஞை விடும்; முப்பதடிக்குள் இருக்கும் எதிரியின் கள உடல், பிடிக்கிறதோ இல்லையோ, அவன் பக்கம் திரும்பி அவனைத்தான் அடிக்கும். அது இல்லாவிட்டால்? மெதுவாக நடக்கிற, லேசாக அடிக்கிற, உடைக்கவே முடியாத ஒரு பாறையை யார் மெனக்கெட்டு அடிப்பார்கள்? சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

பொருள் கிடங்கின் பொறுப்பாளர் சவரிமுத்து அவள் நீட்டிய பட்டியலை இரண்டு முறை வாசித்தார்.

"இரும்புநெஞ்சு ரெண்டு. மீளுயிர்க் குப்பி. முள்ளுடை. கனச்செருப்பு. கல்தோல்." மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என்னம்மா தங்கச்சி, வம்பிழுப்பானைக் காணோமே?"

"வேணாம்ண்ணே."

"வம்பிழுப்பான் இல்லாத தாங்கியா? மிளகாய் இல்லாம தொவையல் அரைக்கிற மாதிரில்ல இருக்கு. இதை மாட்டிட்டுப் போனா அவரை எவனும் சீண்ட மாட்டான். அடிச்சா உடைய மாட்டாரு, தள்ளுனா நகர மாட்டாரு, முள்ளுடை வேற, அடிச்சவனுக்கே பாதி வலி திரும்பிப் போகும். உடைஞ்ச இடமெல்லாம் அந்தக் குப்பி தானா ஒட்ட வச்சிரும்…" பேசிக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, மத்த நாலு பேரு?"

தில்லைநாயகி தரையைப் பார்த்தாள். "அவங்களுக்கு அவங்க வீட்டுல பாத்து எடுத்துருப்பாங்கண்ணே."

சொன்னபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பட்டியலை மாற்றவில்லை. சவரிமுத்து ஆறு பொருள்களையும் எடுத்து வண்டியில் வைத்தார்.

ஆட்டத்தன்று அவன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே திரை. ஒரு மணி நேர ஆட்டம். அதற்குள் உயிர்க்கல் உடையாவிட்டால் பனிப்பாளம் யார் வசம் இருக்கிறதோ அவர்களுக்கே. இம்முறை அது கீழ்மடை வசம் இருந்தது. உயிர்க்கல்லைக் காத்தாலே போதும்.

அவள் கணக்கு அச்சாகப் பலித்தது. செங்கரைக்காரர்கள் கார்மேகத்தைத் தேடி வந்தார்கள், ஒருவன் ஓர் அடி அடித்துப் பார்த்தான், முள்ளுடை திருப்பிக் கொடுத்ததில் "ஆத்தாடி" என்று துள்ளினான். அப்புறம் ஒருவரும் அவன் பக்கம் வரவில்லை. கார்மேகம் மார்பைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். "டேய், இங்க வாங்கடா! என்னை அடிங்கடா!" அவர்கள் அவனை ஒரு மரம் மட்டை போல விட்டுவிட்டு, மற்ற நாலு பேரைத் துரத்தினார்கள். ஒன்பது வருடமாகத் தாங்கியின் முதுகுக்குப் பின்னால் நின்று பழகிய நாலு பேர். தேன்மொழிதான் முதலில் விழுந்தாள். பக்கத்து அறையிலிருந்து அவள் அலறியது சுவரைத் தாண்டிக் கேட்டது. தில்லைநாயகி காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்காமல் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்மேகத்தின் உடம்பில் ஒரு துடிப்பும் இல்லை. தூங்குகிறவன் போலக் கிடந்தான். தெய்வமே, தெய்வமே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அது நன்றி.

இருபத்திரண்டாம் நிமிடத்தில் நாலாவது ஆளும் விழுந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடிக்க வேறு ஆள் இருக்கும்வரைதான் பாறையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். இப்போது களத்தில் வேறு யாரும் இல்லை. உயிர்க்கல் ஒரு குறுகலான பாறைச் சந்தின் கடைசியில் இருந்தது. கார்மேகம் மெதுவாக நடந்துபோய் அந்தச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றான். இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது.

ஐந்து பேரும் தள்ளிப் பார்த்தார்கள். கனச்செருப்பு நகரவில்லை. பிறகு அடிக்க ஆரம்பித்தார்கள். முள்ளுடையின் வலி ஒரே ஆளுக்குத் திரும்பாமல் இருக்க, முறை வைத்து அடித்தார்கள். இரும்புநெஞ்சு ஒன்று நொறுங்கியது. அடியில் இன்னொன்று இருந்தது. கல்தோல் பிளந்தது, மீளுயிர்க் குப்பி அதை ஒட்டவைத்தது, ஒட்டிய இடத்திலேயே மறுபடி அடித்தார்கள். வேறு எந்தப் பொருளை எடுத்திருந்தாலும் அவன் ஐந்தாம் நிமிடத்தில் விழுந்து, கண் விழித்து, தண்ணீர் கேட்டிருப்பான். அவள் பார்த்துப் பார்த்து எடுத்த ஆறும் அவனை விழவிடவில்லை.

"பாலத்தைக் கழட்டுங்க! கழட்டுங்கய்யா, உங்க கால்ல விழுறேன்!"

பாலத்தைப் பார்த்துக்கொள்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழற்றினால் தோல்வி, அந்த முடிவை எடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. கட்டிலில் கார்மேகம் வில்லாக வளைந்தான், நிமிர்ந்தான், வளைந்தான். ஐம்பதாம் நிமிடத்துக்குப் பிறகு வளைவது நின்றுவிட்டது. திரையில் அடி நிற்கவில்லை. அந்தக் கடைசிப் பத்து நிமிடம் அவன் அசையாமல் கிடந்ததுதான் எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது.

சங்கு ஊதியது. வெளியே ஊரே ஆரவாரம் செய்தது. கார்மேகம் கண்ணைத் திறந்தான். முகத்தில் ஒரு களைப்பும் இல்லை.

"ஜெயிச்சாச்சா?"

அவள் தலையாட்டினாள்.

"பின்ன ஏன் அழுற, கிறுக்கு? இந்தா, கையைக் குடு."

அவன் கை ஏற்கெனவே அவள் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது.

மூன்றாம் நாள் பேரவை கூடியது. தலைவர் மாசிலாமணி நல்ல மனிதர். யார் வீட்டு விசேஷமென்றாலும் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வருகிறவர். கார்மேகத்துக்கும் தில்லைநாயகிக்கும் தன் கையாலேயே நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஒண்டி ஆளா முப்பத்தெட்டு நிமிஷம்! மத்த நாலு பேரும் இருந்து என்ன பிரயோசனம்? பாவம், ஆளுக்கு ஓர் அடி வாங்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்குதுங்க. அதனால பேரவை ஒரு முடிவு எடுத்துருக்கு. அந்த நாலு இடத்தையும் நீக்கியாச்சு. இனிமே நம்ம பக்கம் கார்மேகம் மட்டும்தான். அவர் தாங்குவார்."

கூட்டம் கைதட்டியது. நூர்ஜகான் எழுந்தார்.

"தலைவரே, அவர் இனிமே களத்துலயே இறங்க முடியாது. உடம்பு பூரா உணர்ச்சி போச்சு. வலியே தெரியாது. வலி தெரியாத ஆள் ஆடக்கூடாதுன்னு ஏழாம் பிரிவு இருக்கு."

கைதட்டல் நின்றது. தில்லைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்தப் பாழாய்ப்போன உணர்ச்சியைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டாளோ, அது போனதாலேயே அவன் தப்பித்துவிட்டானா? அப்படியே இருக்கட்டும். வீட்டில் இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும், காபியை நான் ஆற்றிக் கொடுத்துக்கொள்கிறேன். மூன்று நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு நிதானமாக வந்தது.

மாசிலாமணி நிதானமாக உடன்படிக்கையைப் பிரித்தார்.

"டாக்டரம்மா, சரியா வாசிக்கணும். வலி தெரியாத ஆள் ஆடக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. 'வலி உண்மையாக இருக்க வேண்டும். அதை ஒருவர் உணர வேண்டும்.' இவ்வளவுதான் இருக்கு. யாரு உணரணும்னு சொல்லல." அவர் தில்லைநாயகி பக்கம் திரும்பினார். குரலில் அவ்வளவு பரிவு. "நரம்புப் பாலத்துக்கு ரெண்டு முனை இருக்கும்மா. ஓட்டுறது அவர் பிடரியில, வலி வர்றது இன்னொருத்தர் பிடரியில. வெளியாள் யாரையும் கேக்க மனசு வரல. நீங்கன்னா ஒன்பது வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்தவங்க. பழகுனதுதானே? இல்லன்னா ஆட்டத்தை விட்டுக்குடுக்கணும், ஊருக்குத் தண்ணி போச்சு. நீங்க தாங்குவீங்கம்மா."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நூர்ஜகான்கூட உடன்படிக்கையை வாங்கி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகி கணவனைப் பார்த்தாள். மற்றவர்கள் மேல் அடி விழ வேண்டாம் என்று நாலு பேருக்காக ஒன்பது வருடம் நின்றவன். இப்போது ஒரு வார்த்தை சொல்வான். நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான்.

கார்மேகம் அவள் பக்கம் சாய்ந்தான். அன்பாகத்தான் சிரித்தான். மூன்று நாளாக எதுவுமே வலிக்காத மனிதனின் தெளிவான முகம்.

"ஒண்ணும் இல்ல தில்லை, பயப்படாத. ஒரு மணி நேரம்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டா போயிரும்."

"அப்புறம் என்னம்மா, வீட்டுக்காரரே சொல்லிட்டாரு" என்று மாசிலாமணி படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.