பூஜ்யம் காட்டிய கதவு

பேய் என்று உலகில் எதுவும் கிடையாது. உரிய நேரத்தில் நீக்கப்படாத கணினிக் கணக்குகள்தான் உண்டு. இது வெண்டல் கண்டறிந்த உண்மை. மினியாபொலிஸிலிருந்து டுலூத் வரை, பனிக்குள் வண்டியை ஓட்டியபடி இதைத் தனக்குத்தானே சொல்லி, தானே தலையாட்டிக்கொண்டும் வந்தான். ஒருமுறை பெரிய கூட்டத்திலும் பேசியிருக்கிறான். கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

ஏரிக்கரை மீன் கிடங்கின் வாசலில் பெர்னடீன் காத்திருந்தாள். சரக்கு ஏற்றி இறக்கும் தளத்து மேற்பார்வை அவளுடையது.

"வா கண்ணு. காபி சூடா இருக்கு. டோனட்டும் இருக்கு."

டப்பாவில் கால் டோனட் இருந்தது. கடைசித் துண்டை எடுத்த பழி தன்மேல் வரக்கூடாதென்று ஒவ்வொருவரும் அதைப் பாதியாக நறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெண்டலும் நறுக்கினான்.

அங்கே ஒவ்வொரு குளிரறைக்கு வெளியேயும் ஒரு திரை. அறைக்குள் எத்தனை பேர், வெளித் தாழ்வாரத்தில் எத்தனை பேர் என்று அட்டை தேய்த்த கணக்கை வைத்து அதிலுள்ள டாஷ்போர்டு என்ற எண்ணிக்கைப் பலகை காட்டும். பூஜ்யம் என்றால் கதவை மூடலாம். யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகளைச் சரிசெய்து பூட்டத்தான் வெண்டல் வந்திருந்தான்.

ஏழாம் அறையை மூட வந்த ஆர்லோ, சரக்கு வண்டி ஓட்டுபவன், திரையைப் பார்த்தான். பூஜ்யம். பிறகு தொப்பியைக் கழற்றிக் கதவில் உள்ளங்கையை வைத்தான்.

"மார்லிஸ், மூடப்போறோம். வெளிய வா."

கொஞ்சம் காத்திருந்துதான் மூடினான்.

வெண்டலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டுல ஃப்ரிட்ஜை மூடும்போதும் இப்படித்தானா?"

"உள்ள யாரு இருக்காங்கங்கிறதைப் பொறுத்தது பாஸ்," என்றான் ஆர்லோ.

பெர்னடீன் சிரிக்கவில்லை. "இந்த டாஷ்போர்டெல்லாம் போட்டவ மார்லிஸ். போன ஜனவரியில வெப்பமானி பார்க்க உள்ள போனா. திரை பூஜ்யம்னு காட்டுச்சு. நான்தான் மூடினேன்."

"ஆள் இருக்கும்போது எப்படிப் பூஜ்யம்?"

"அவ ஆபீஸ் ஆளு. நான் தளத்து ஆளு. ஆபீஸ் ஆளுங்க விவரம் என் கண்ணுக்குத் தெரியக்கூடாதாம். அதனால என் கணக்குல அவ வரவே இல்ல."

விதிப்படி சரிதான் என்று சொல்ல வந்ததை வெண்டல் காபியோடு விழுங்கினான். "இனி ஆபீஸ், தளம், எல்லாரும் எல்லாருக்கும் தெரிவாங்க. நானே மாத்திடறேன். ஆனா இந்தக் கூப்பாடு வேண்டாம். நம்பர் இருக்கு. நம்பரை நம்புங்க."

"நீ சொன்னா சரி கண்ணு," என்றாள் அவள். அந்தக் குரலில் சம்மதம் மட்டும் இல்லை.

விதியை மாற்றினான். திறந்த கணக்கு சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளவும், மறுபடி நுழையக் கைபேசிக்கு ஒரு ரகசிய எண் வரவும் ஏற்பாடு செய்தான். கடைசியாக, ஒரு வருடமாகத் திறந்தே கிடந்த மார்லிஸின் கணக்கை நீக்கினான்.

பிற்பகலிலேயே ஏரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சரக்கு ஏற்ற ஏழாம் அறை திறந்திருந்தது. வெண்டலின் கைப்பலகைக் கணினியில் ஒரு மாற்றம்.

அறை ஏழு: 1.

கதவருகே இருந்த திரை பூஜ்யம் என்றது. பழைய தகவல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவுசெய்து, கைபேசியை மேசையில் விட்டுவிட்டு, கழுத்து அட்டையைத் தேய்த்து, கைப்பலகையோடு உள்ளே போனான்.

அடுக்கடுக்காகப் பெட்டிகள். மீன் வாடைகூட உறைந்துபோன குளிர். விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, இருக்கவே முடியாத ஒரு வாசனை. ஆரஞ்சுத் தோல், அப்போதுதான் உரித்தது.

"யாரு?"

விசிறிகள் நின்றன.

பின்னால் கதவு மூடியது.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று அவன்தானே சொல்லியிருந்தான். வெளித்திரையில் பூஜ்யம். ஏன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபீஸ் ஆளைச் சேர்த்தான், தளத்து ஆளைச் சேர்த்தான். அவன் கழுத்தில் தொங்கியது விருந்தாளி அட்டை.

உள்கைப்பிடி பனியில் இறுகியிருந்தது. கதவை அடித்தான். அந்தத் தடிமனுக்கு அது கொசு கடித்தமாதிரி. விளக்கும் அணைந்தது.

கைப்பலகையைத் தட்டினான். கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது. கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்டது, மிக மரியாதையாக.

கைபேசி மேசைமேல் இருந்தது.

விரல்கள் மரத்தன. திரையின் மங்கல் வெளிச்சத்தில் தன் மூச்சு வெண்புகையாகப் போவதைப் பார்த்தான். மூச்சை அடக்கினான்.

பக்கத்தில் இன்னொரு புகை எழுந்தது.

ஆரஞ்சு வாசனை தோளருகே வந்து நின்றது. ஓடுவதற்கு இடமில்லை.

கைப்பலகையில் அந்த ரகசிய எண்ணுக்கான காலிக் கட்டங்கள், ஒவ்வொன்றாக, தாமாக நிரம்பின.

டாஷ்போர்டு திறந்தது.

அறை ஏழு: 2.

கதவு பிளந்தது. பெர்னடீன் அவனை இழுத்துப் போட்டு, தன் கோட்டைப் போர்த்தினாள்.

"திரை திடீர்னு ரெண்டுன்னு காட்டுச்சு. உன்கூட யாரு கண்ணு?"

அவன் விதி மாற்றங்களின் பதிவைத் திறந்து பார்த்தான். விருந்தாளிகளையும் எல்லாரும் பார்க்கலாம் என்று யாரோ விதியை மாற்றியிருந்தார்கள். மாற்றியவர்: மார்லிஸ். அந்தக் கணக்கைத் தேடினான். நீக்கப்பட்டதாகவே இருந்தது.

வீட்டுக்குக் கிளம்புமுன், தாழ்வாரத்தில் ஆளில்லாததைப் பார்த்துக்கொண்டு, ஏழாம் அறையின் முன் வந்து நின்றான். திரையில் 1. தொப்பியைக் கழற்றிக் கதவில் உள்ளங்கையை வைத்தான்.

"மார்லிஸ்," என்றான், தனக்கே கேட்காத குரலில். "மூடப்போறோம். வெளிய வாங்க."

காத்திருந்தான்.

அறை ஏழு: 0.

ஆரஞ்சு மணத்தது. அறைக்கு அடுத்த வரியில் எண் மாறியது.

தாழ்வாரம்: 2.