ஆளுக்குப் பாதி

காது அரிக்கவில்லை. ஆனாலும் கை எழுந்து போய்க் காதைச் சொறிந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளை அடுக்கிய வண்டி உருண்டு போன சத்தமும் ஓய்ந்து, ஏசியின் ஒரே சீரான இரைச்சலும் தரை துடைத்த மருந்து வாசனையும் மட்டும் மிச்சமிருந்த மந்தமான நேரம் அது. தையல்காரம்மா மல்லாந்து படுத்து, கூரையில் படிந்திருந்த ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை மேல் கிடந்த வலது கை, அவளைக் கேட்காமலே எழுந்தது. முடியை ஒதுக்கியது. காது மடலின் பின்பக்கத்தை நிதானமாக, சுகமாகச் சொறிந்துவிட்டு, பழைய இடத்திலேயே வந்து படுத்துக்கொண்டது. அவள் தலையைத் திருப்பினாள். பக்கத்துக் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த டீச்சர், அப்போதுதான் தன் காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்தி கொட்டாவி விட்டால் இன்னொருத்திக்கும் வருகிறதில்லையா, அந்த மாதிரி ஏதாவது இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனசு அந்தச் சமாதானத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த அறையில் இரண்டே கட்டில்கள். ஜன்னல் திறக்காது, கண்ணாடி வழியாகத் தெரிவதெல்லாம் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். கதவு திறக்க வேண்டுமானால் சிஸ்டர் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்ட வேண்டும். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். விலகினால் மருந்தும் கிடையாது, அவ்வளவுதான். பூட்டே இல்லாமல் ஒருத்தியைப் பூட்டி வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கை நடுக்கத்துக்குப் புதிதாக ஒரு மருந்து கண்டுபிடித்து, அது வேலை செய்கிறதா என்று ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மாவுக்கு நடுக்கம் வந்ததிலிருந்து ஊசி கோக்க முடியாது. சாக்கட்டியால் போட்ட கோட்டை விட்டுக் கத்தரிக்கோல் எங்கோ போகும். கடைசியில் பெற்ற மகளே சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருத் தையல்காரனிடம் போனாள். "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றாள் போகிற போக்கில். அந்த ஒரு வார்த்தைதான் அவளை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தது. கை திரும்ப வேண்டும். அதற்கு என்ன ஆனாலும் சரி.

பக்கத்துக் கட்டில்காரி ஓய்வுபெற்ற ஓவிய டீச்சர். ஒல்லியாக இருப்பாள், வாய் மட்டும் ஓயாது. வந்த அன்றைக்கே, "தையல், என் கையையும் உன் கையையும் சேர்த்துக் கட்டினா ஒரு மாவு மில்லே ஓட்டலாம்" என்றாள்.

டாக்டர் சொன்ன ஒரு விஷயம்தான் இரண்டு பேருக்கும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெத்து மாத்திரை. "யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. தெரியவும் கூடாது" என்று ஏதோ பெருமையான சங்கதி போலச் சொன்னார். வீடு வாசலை விட்டு வந்து படுத்து, கடைசியில் வெறும் மாவைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவதா?

யோசனை தையல்காரம்மாவுடையது. அதை அவள் யார் தலையிலும் போட முடியாது.

"டீச்சர், ஆளுக்குப் பாதி போட்டுக்குவோம். ஒருத்திக்கு வெத்துன்னாலும் ரெண்டு பேருக்கும் பாதி மருந்து உறுதி."

"அடி பாவி. என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்குக்கூட இது தோணாது" என்றாள் டீச்சர்.

மாத்திரையைக் கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பாள் சிஸ்டர். கண்கொத்திப் பாம்புதான். ஆனால் மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அவள் பார்ப்பதில்லை. அப்புறம் குளியலறை. கத்தி, கத்தரிக்கோல் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். காலமெல்லாம் நூலைப் பல்லால் அறுத்துப் பழகிய வாய் தையல்காரம்மாவுடையது. இரண்டு மாத்திரையையும் கரெக்டாகப் பாதியாக அறுத்துவிடும். ஈரமான பாதியை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். டீச்சர் முகத்தைச் சுளிக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்வாள். "எச்சில் பார்த்தா கை ஆடிக்கிட்டேதான் கிடக்கும்" என்பாள்.

நடுக்கம் நின்றது. இரண்டு பேருக்குமே நின்றது. தினமும் காலையில் கோப்பைத் தண்ணீரை இன்னொரு கோப்பைக்கு மாற்றச் சொல்வார்கள். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிய அன்று தையல்காரம்மா குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி மகள் வேறு எவன் வாசலிலும் துணியோடு நிற்க வேண்டாம் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் காது.

அடுத்து, சாப்பிடும்போது அவள் ஸ்பூன் எடுத்தால் டீச்சரின் வெறும் கை வாய்வரை போய்வந்தது. பரிசோதனைக்கு ஒவ்வொருத்தியாகப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுப் பென்சிலால் சுருள் வரையச் சொல்வார்கள். டீச்சர் அங்கே வரைந்துகொண்டிருக்க, இங்கே கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவின் விரல் போர்வைமேல் சுருள் சுருளாகச் சுற்றியது. உள்ளிருந்து வெளியே, மெதுவாக, ஒரு பிசிறு இல்லாமல். மற்றக் கையால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. நடுவில் சுவர் இருந்தது.

டீச்சர் முதலில் சிரித்தாள். "பரவாயில்லையே, என் கையெழுத்துக்கு நகல் கிடைச்சிருக்கு." அப்புறம் சிரிப்பு குறைந்தது. அவளுக்கு வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டிருந்தது. படுத்தால் எழுப்ப முடியாத தூக்கம். காலையில் சிஸ்டர் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. தொட்டால் கை ஜில்லென்று இருக்கும்.

"தூங்கினா கிணத்துக்கு அடியில போயிடறேன் தையல். நீங்கெல்லாம் கூப்பிடறது கேக்குது. மேல வர முடியல. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்."

"சொன்னா ரெண்டு பேரையும் அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க டீச்சர். உங்க கால்ல விழறேன். இந்தப் பரிசோதனை முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. எனக்கு இந்தக் கையை விட்டா வேற ஒண்ணும் இல்ல."

டீச்சர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "சரி விடு" என்றாள்.

மறுநாள் காலை டீச்சர் எழுந்திருக்கவில்லை.

சிஸ்டர் தட்டினாள். உலுக்கினாள். ஓடினாள். டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்தி நகர்த்தி வைத்தார்; இமையைப் பிரித்து வெளிச்சம் அடித்தார்; மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு வெள்ளைத் துணியை முகம்வரை இழுத்துவிட்டார். டீச்சரின் தம்பி வெளியூரிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை கீழ்த்தளத்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கச் சொன்னார். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே போய் லிஃப்ட்டுக்குள் அடங்கியது.

மாத்திரை விஷயத்தைத் தையல்காரம்மா யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. காலைச் சாப்பாடு வந்தது. கை தூக்க வரவில்லை. இரண்டும் மடியில் துணி மாதிரிக் கிடந்தன. துக்கத்தில் கை ஓய்ந்துவிட்டது என்றாள் சிஸ்டர். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

வெயில் எதிர்ச்சுவரில் ஏறிய பிறகு விரல் நுனியில் குளிர் தொடங்கியது. ஐஸ் கட்டியைப் பிடித்திருக்கிற குளிர். நகக்கண்கள் நீலமாயின. தோளை உந்திக் கைகளைப் போர்வைக்குள் தள்ளிப் பார்த்தாள். குறையவில்லை. குளிர் மணிக்கட்டுக்கு ஏறியது.

பிறகு சுண்டுவிரல் அசைந்தது.

அவள் அசைக்கவில்லை.

மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக விழித்தன. மெதுவாக நீண்டன. மடங்கின. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தடவிக்கொண்டே போய், இடுப்பை விட்டு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் முட்டி நின்றன. மேலே எழுந்தன. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் மறுபடி நின்றன. உள்ளங்கைகள் தட்டையாக விரிந்தன. கண்ணாடியில் பதித்த மாதிரி.

இருட்டில் ஒருத்தி சுற்றிலும் தடவிப் பார்க்கிறாள்.

"ஐயோ" என்றாள் தையல்காரம்மா. "ஐயோ டீச்சர்."

அழைப்பு மணி கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. கையை நீட்டினாள். தோளிலிருந்து பலம் கொண்டமட்டும் தள்ளினாள். ஒரு சாணைத் தாண்டவில்லை. எழுந்து ஓடினாள். கைகள் முகத்துக்கு முன்னாலேயே வந்தன, இல்லாத மூடியைத் தள்ளிக்கொண்டு. கதவைக் காலால் உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள்.

சிஸ்டர் வந்தாள். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். பாதி மாத்திரை. காது. சுருள். கிணற்றுத் தூக்கம். "அவங்க சாகல டாக்டர். கீழ முழிச்சிட்டாங்க. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க."

டாக்டரின் முகம் வெளுத்தது. "மாத்திரையை மாத்திக்கிட்டீங்களா? எப்ப இருந்து?"

"அதை அப்புறம் கேளுங்க. முதல்ல பெட்டியைத் திறங்க!"

"நானே பார்த்தேம்மா. அவங்க போயிட்டாங்க." குரல் கனிவாகத்தான் இருந்தது. "உங்களுக்கு மருந்து ஒத்துக்கல. அதான் கை இழுக்குது. படுங்க."

"ஒரு தடவை திறந்து பாருங்க. ஒரே தடவை."

"சரி, ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்றேன்."

அழுகிற குழந்தைக்குச் சொல்கிற 'சரி'. அனுப்பமாட்டார். அவர் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஊசி மருந்தின் பெயரைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, யாருக்கோ அவசரமாக ஃபோன் போட்டுக்கொண்டே அவர் வெளியே போனார். மாத்திரை கலந்துவிட்டது, பரிசோதனையே பாழ் என்று அவர் பேசிக்கொண்டு போனது வராந்தாவில் தேய்ந்தது.

தொடையில் ஊசி இறங்கியது. கால்கள் முதலில் போயின. பிறகு இடுப்பு. நாக்கு தடித்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திறங்க என்று சொல்ல முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது. உடம்பு முழுக்க அடங்கிவிட்டது.

கைகள் அடங்கவில்லை.

சிஸ்டர் அவற்றைப் பிடித்துப் படுக்கையில் அழுத்தப் பார்த்தாள். முடியவில்லை. தன் முழுப் பாரத்தையும் போட்டுப் பார்த்தாள். பிறகு, ஜில்லிப்புப் பட்டு, சட்டென்று விட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

தட்டின. நிறுத்திக் கேட்டன. மறுபடி தட்டின. சத்தமே இல்லை.

பிறகு சுரண்டத் தொடங்கின.

தையல்காரம்மாவால் கண்ணை மூட முடியவில்லை. முகத்துக்கு ஒரு சாண் மேலே, பகல் வெளிச்சத்தில், பத்து விரல்களும் வெறும் காற்றைப் பிறாண்டின. வேகமாக. இன்னும் வேகமாக. மோதிர விரலின் நகம் பிளந்து மடங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. ரத்தம் சொட்டுச் சொட்டாக அவள் கன்னத்தில் விழுந்தது. ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது.

சிஸ்டர் சுவரோடு சுவராக நின்றாள். கழுத்து அட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் விரல்களை விட்டு நகரவில்லை. கால் கதவுப் பக்கம் நகரவில்லை.

போ. கீழே போ. திற.

உதடு அசையவில்லை. விரல்கள் மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தன.