எழுபத்தெட்டு சதவீதம்

வியாழக்கிழமை ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். இரண்டு கப் எடுத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தான். மனைவி இறந்து இரண்டு வருடமாகியும் கை இன்னும் பழக்கத்தை விடவில்லை. மின்சாரக் காருக்கான வீட்டு சார்ஜர் பழுது. அதனால் ஏழேகாலுக்கே கிளம்பி, பைபாஸ் சாலையில் இருந்த சார்ஜிங் நிலையத்துக்குப் போனான்.

அங்கே இரண்டு சார்ஜர்கள். ஒன்றில் ஐம்பது கிலோவாட் என்று எழுதியிருந்தது, மற்றதில் நூற்றைம்பது. எண் பெரிதாக இருந்ததில் மாட்டிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தான். நிலம் அளக்கிற சர்வேயர்தான். ஆனால் இந்த அளவு அவனுக்குப் புதிது.

பின்னால் வந்தவள் கண்ணாடியைத் தட்டினாள். மழையில் நனைந்த இமைகள்... கோபத்தில் அகன்ற கண்கள். கழுத்தில் பிசியோதெரபிஸ்ட் என்று ஓர் அட்டை.

"சார், உங்க கார் ஐம்பதுக்கு மேல வாங்காது. சின்ன வாய் பாட்டிலைப் பெரிய குழாய்ல பிடிச்சா சீக்கிரம் நிறைஞ்சிடுமா? என்னோடது நூத்திருபது வாங்கும். கொஞ்சம் மாத்திப் போடுங்களேன்."

முதலில் வந்தது தான் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினான். எண்பது சதவீதத்தைத் தாண்டியதும் வேகம் படுத்துவிட்டது. வீம்புக்கு நூறு வரை உட்கார்ந்திருந்தான். அவளுடைய முதல் நோயாளி அன்று முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

அடுத்த வியாழன், யாரும் சொல்லாமலே சின்னதில் மாட்டினான். அவள் பார்த்தாள். மெஷின் காபி ஒன்றை நீட்டினாள். அதற்கடுத்த வாரம் 'சர்வே சார்' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

மனைவியைப் பற்றி ஒரே வரியில் சொன்னான். அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவங்க எதுக்கெல்லாம் சிரிப்பாங்க என்று கேட்டாள். அன்று அரை மணி நேரம் அவனே பேசினான். வீட்டு சார்ஜர் எப்போதோ சரியாகியிருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு வியாழன். தன் அபார்ட்மெண்டிலேயே சார்ஜர் வைத்துவிட்டார்கள், இனி இந்தப் பக்கம் வர வேலையில்லை என்றாள். நல்லது என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று உறைத்தது. இத்தோடு முடிந்தது... வேறெங்கே போய் இவளைப் பார்ப்பது?

அவள் குனிந்து, அவன் அப்போதுதான் மாட்டியிருந்த சார்ஜரின் திரையைப் பார்த்தாள்.

"எழுபத்தெட்டுல யாருங்க சார்ஜ் போட வருவாங்க?"

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வீட்லயே சார்ஜர் இருக்கு," என்றான். "ரெண்டரை மாசமா நான் சார்ஜுக்காக வரல... உங்களைப் பார்க்கத்தான்."

அவள் தன் காரிலிருந்து கேபிளைக் கழற்றினாள். அதைத் திரும்ப சார்ஜரிலேயே மாட்டினாள். காரில் ஏறினாள். போகட்டும் என்று அவன் திரும்பியபோது கண்ணாடி இறங்கியது.

"உங்க வீட்டு அட்ரஸை அனுப்புங்க. வியாழக்கிழமை நான் வரேன்... நீங்க காரை எடுக்க வேணாம்."