ஒரு சாண் ஆழம்

உலோகம் தேடும் கருவியின் பெரிய வட்டத் தட்டை, அந்தக் காயிலை, மண்ணில் எங்கே வைத்தாலும் கருவி கத்தியது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அருகருகே இரண்டு முறை முனகியது.

கால்வினுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. மத்தியானம் பிடித்த மழை ஓய்ந்தும் செம்பனை மட்டைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன, சட்டைக்குள் கொசு, சப்பாத்துக்குள் சேறு, மூக்கில் அழுகிய பனம்பழத்தின் எண்ணெய் வாடை, தோண்டிய குழி ஒவ்வொன்றிலும் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் கட்டிய துருக்கம்பிதான். மரங்களை வெட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. கம்பி மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை.

அவன் பிறப்பதற்கு முன்பே, இரண்டு வயதில் இறந்துபோன அக்கா பிலோமினா, இரு கால்களிலும் வெள்ளித் தண்டையோடு இந்தத் தோட்டத்து இடுகாட்டில் எங்கோ கிடக்கிறாள். திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது, வீடு கட்டப் போகிறார்கள். அம்மா கெர்ட்ரூடுக்கு நோய் முற்றி, டாக்டர் கையை விரித்துவிட்டார். "எம் பெட்டியில அவளையும் வச்சிருங்கய்யா. ஒரு பிடி மண்ணும் அந்தத் தண்டையும் போதும்" என்று சொல்லி, ஈப்போவிலிருந்து அவளும் கிளம்பி வந்து, செம்மண் சாலையில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் புரை. இடத்தைக் காட்டு என்றால் காட்டத் தெரியாது.

கருவி நண்பன் தீபனுடையது. சித்தியவான்காரன், கடற்கரையில் தொலைந்த மோதிரம் தேடுகிறவன். கால்வின் அவனுக்குப் போன் போட்டான்.

"மச்சான், எல்லா இடத்திலயும் அடிக்குதுடா. பைத்தியம் பிடிக்குது."

"பெரிய காயிலா போட்டிருக்க? அது ஆழம் போகும், ஆனா நாலு சாமான ஒன்னா சேர்த்துக் கேட்கும்லா. குப்பை இருக்குற மண்ணுக்குச் சின்னதப் போடு. ஒவ்வொன்னா பிரிச்சுக் காட்டும்."

"சின்னது எவ்ளோ ஆழம் கேட்கும்?"

"ஒரு சாண். அதுக்குக் கீழ செவிடு. முதல்ல அத வச்சு மேல கிடக்குற இரும்பெல்லாம் எடு. இரும்பு பக்கத்துல இருந்தா வெள்ளி சரியா கேட்காது. அப்புறம் திரும்பப் பெருச மாட்டு."

டீ சாசர் அளவே இருந்த சின்ன காயிலை மாட்டினான். முனகல் கேட்ட இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான். சுற்றி நான்கு மூலைகளில் மட்டும் கூச்சலிட்டது. தோண்டினால் நான்கு ஆணிகள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், மங்குக் கம்பி போலத் தாறுமாறாகக் கிடக்காமல் நேராக, தலை வரைக்கும் இறக்கி அடித்தவை. நான்குக்கும் நடுவே அவன் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். எல்லாவற்றையும் பார்க்கத்தான் செய்தான். யோசிக்கத்தான் பொறுமையில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கினான். நான்காவது அசையவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தான். கீழேயிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி அது சட்டென்று வந்துவிட, சேற்றில் மல்லாந்து விழுந்தான்.

எழுந்து, பெரிய காயிலை மாட்டக் குனிந்தபோது, கருவியோடு கீழே கிடந்த சின்னது சத்தம் கொடுத்தது.

இரண்டு சத்தம். அருகருகே.

ஒரு சாணுக்குள்ளா? மண்வெட்டியால் அள்ளினான். ஈரமண், வேர், மண்புழு. காயிலைக் குழிக்குள் வைத்தான். சத்தமில்லை. குழிக்கு வெளியே எடுத்தான்.

அவன் காலருகே சத்தம், இடது பக்கம். பிறகு வலது.

பூச்சிகளின் இரைச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மட்டைகள் சொட்டுவது மட்டும் கேட்டது. ஓரடி பின்வாங்கினான். இடது. இன்னோரடி. வலது. அவன் நின்றால் நின்றது. மண் அசையவில்லை. புல் அசையவில்லை.

கருவியை அணைத்தான். ஓடினான்.

காரின் பின்கதவைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளே எறிந்து, முன்னால் வந்து உட்கார்ந்து கதவை அடைத்தான். அம்மா கையைப் பின்னால் நீட்டி, மண்ணை முடிந்துகொள்ளப் பின்னிருக்கையில் வைத்திருந்த வெள்ளைத் துணியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சிச்சாய்யா?"

"இல்லம்மா. பழைய ஆணிதான். நாலு ஆணி."

அம்மாவின் முகம் மாறியது. "நாலு மூலையிலயுமா?"

"ஆமா."

"நம்ம வேதக்காரங்கய்யா. பிள்ளைக்குச் சிலுவைதான் நட்டோம். எந்திரிக்கக் கூடாத ஆளுக்குத்தான் தோட்டத்துல ஆணி அடிப்பாங்க." குரல் இறங்கியது. "பிடுங்கலதான?"

சாவியைத் திருப்பினான். பயம். வெறும் பயம்.

காரின் பின்பக்கம் மெதுவாக அமிழ்ந்தது.

பச்சை மண் வாடை. அவன் முதுகுக்குப் பின்னால், இருக்கையில், முழங்கால்கள் இரண்டு அழுந்தின. நீளமான கால்கள். குழந்தையுடையவை அல்ல.

அம்மாவின் கை இன்னும் பின்னாலேயே இருந்தது. அவள் இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"கால்வின்," என்றாள், மிக மெல்ல. "கைய விடச் சொல்லுய்யா."