இடப்பக்கம் பார்த்த மயில்

கைத்தொலைபேசி அலறியபோது காலை மணி பத்தரை.

பிரிக்பீல்ட்ஸ் கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடி. ஒற்றை அறை, ஒற்றைக் கம்ப்யூட்டர், ஒற்றை ஆள். ரோகிணி ஒரு கல்யாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயரை நான்காவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மாறவில்லை. எண்கணிதப்படி ஸ்பெல்லிங்தான் மாறிக்கொண்டே இருந்தது.

"ரோகிணி, நான் ராஜன்."

மயில் காயின் கம்பெனியின் இரண்டாவது முதலாளி.

"சொல்லுங்கண்ணே."

"யுகேந்திரன் செத்துட்டான்."

முதலாவது முதலாளி!

ரோகிணியின் கையை விட்டு மௌஸ் நழுவியது.

"என்னண்ணே சொல்றீங்க..."

"கிள்ளான் ஆபீஸ்ல. கத்திக்குத்து. இப்பதான் எனக்கு போன் வந்துச்சு. நான் போய்ப் பார்க்கல. என்னால முடியாது லா." ராஜனின் குரல் தாழ்ந்தது. "அந்தப் பன்னெண்டு வார்த்தைக்காகத்தான் கொன்னிருக்கான். அடுத்து உன்கிட்டதான் வருவான்."

"என்கிட்டயா? எதுக்கு?"

"லோகோ வரைஞ்சது நீதானே? போலீஸ்னு சொல்லிட்டு வந்தாகூட நம்பாதே. நான் பக்கத்துலதான் இருக்கேன். பத்து நிமிஷத்துல கீழே பூக்கடைகிட்ட நிப்பேன். இறங்கி வந்துடு."

போன் அணைந்தது.



மயில் காயின் என்பது கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத கிரிப்டோ காசு. ஊரார் போட்டதெல்லாம் ஒரு டிஜிட்டல் பெட்டகத்தில் இருந்தது. அதைத் திறக்கப் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் வேண்டும். அவை யுகேந்திரன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் சும்மா இருந்திருக்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் மேடையேறி, திரையில் மின்னும் லோகோவைக் காட்டி, "எல்லா ரகசியமும் இந்த மயிலுக்குள்ளேயே இருக்கு" என்பான். மண்டபமே கை தட்டும்.

யாரோ ஒருவன் கை தட்டியதோடு நிற்கவில்லை.

கதவைப் பூட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று அவள் எழுந்தாள்.

டொக்... டொக்...

அவள் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள். சாதாரணச் சட்டை, பேண்ட். கையில் சின்ன நோட்டு.

"ரோகிணியா? இன்ஸ்பெக்டர் ஜெயராஜ். கிள்ளான்."

ஓர் அட்டையை நீட்டினார். அவள் பார்த்தாள். பயத்தில் ஓர் எழுத்தும் கண்ணில் ஏறவில்லை.

"உட்காருங்க சார்."

அவர் உட்கார்ந்தார். நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்!

"யுகேந்திரன் விஷயம் தெரியுமா?"

"தெ... தெரியாது சார்."

"கொலை. காலையில கூட்டிப் பெருக்க வந்த அம்மா பார்த்திருக்காங்க." நோட்டுக்குள்ளிருந்து வண்ணத்தாள் ஒன்றை எடுத்து விரித்தார். மயில் காயின் லோகோ. "இது உங்க கைவேலையா?"

"ஆமா சார்."

"தோகையில ஒன்பது கண்ணு. ஏன் ஒன்பது?"

"வெப்சைட்ல போட்டிருக்கே சார். நவக்கிரகம்."

"அது அவங்க சொல்றது. நீங்க சொல்லுங்க மா."

பொய் சொல்ல ஆரம்பித்தால் எங்காவது மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குப் பட்டது.

"பத்தாவது கண்ணுக்கு இடம் பத்தல சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"இந்தக் கொண்டை? மயில் கொண்டை மாதிரி இல்லையே."

"அது... சேவல் கொண்டை சார்."

ஜெயராஜின் பேனா நின்றது.

"சுங்கை வே பக்கம் ஒரு கோழிக்கடைக்குச் சேவல் வரைஞ்சேன். அந்த அங்கிள், சேவல் மூஞ்சி அழுவுற மாதிரி இருக்கு, வேணாம்னுட்டாரு. சும்மா கிடந்துச்சு. அந்த வாரம்தான் யுகேந்திரன் ரெண்டு நாள்ல லோகோ வேணும்னு வந்தாரு. வாலை மட்டும் மாத்தினேன்."

"அப்ப இந்த மூணு பக்க விளக்கம்? வட்டம்னா பிரபஞ்சம், நீலம்னா நம்பிக்கை, கால் தெரியாததுனா எல்லை இல்லாத வளர்ச்சி..."

"அதெல்லாம் அவங்களே எழுதிக்கிட்டது சார். கால் நல்லா வரலைன்னுதான் நான் வெட்டிட்டேன்."

ஜெயராஜ் சிரிக்கவில்லை. குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"முதல்ல மயில் இடப்பக்கம் பார்த்துச்சு, இல்ல?"

ரோகிணி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பேனரில், சட்டையில், வெப்சைட்டில் எங்கு பார்த்தாலும் மயில் வலப்பக்கம்தான் பார்க்கும். முதல் வரைபடம் மட்டும்தான் இடப்பக்கம். அதைப் பார்த்த ஜோசியர், வந்த லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று சொல்ல, அன்றைக்கே யுகேந்திரன் திருப்பிப் போடச் சொல்லிவிட்டான். அதற்குள் மாதிரிக்கென்று ஒரே ஒரு பித்தளைக் காசு வார்த்து வந்துவிட்டது. ராசியில்லாததை யார் கண்ணிலும் காட்டக்கூடாது என்று அவன் அதைத் தன் பாக்கெட்டிலேயே வைத்திருந்தான்.

அதைப் பார்த்தவன், செத்தவன் பாக்கெட்டில் கைவிட்டவன்தான்.

கொலைகாரன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான்!

அவள் எழுந்து நின்றாள். "பழைய பைலெல்லாம் ஸ்டோர் ரூம்ல இருக்கு சார். பழைய கம்ப்யூட்டர்ல. கனம். என்னால தூக்க முடியாது."

"வாங்க, நான் எடுக்கிறேன்."

அவர் உள்ளே போய், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் குனிந்தார்.

அவள் கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டாள். சாவியை உருவிக்கொண்டு ஓடினாள். உள்ளிருந்து தட்டும் சத்தம் மாடிப்படி முழுக்கத் துரத்தியது. செருப்பு போட மறந்துவிட்டாள்.

பூக்கடை ஓரத்தில் வெள்ளைக் கார். ராஜன் கதவைத் திறந்தார்.

"ஏறு, சீக்கிரம்."

ஏறினாள். கார் நகர்ந்து, நூறு அடி போவதற்குள் நெரிசலில் சிக்கி நின்றது. முன்னால் வெள்ளைக்கோல் பிடித்த பார்வையற்றவர்கள் நாலைந்து பேர் நிதானமாகச் சாலையைக் கடந்தார்கள்.

ரோகிணிக்கு அழுகை பீறிட்டது. "போலீஸ்னு சொல்லிட்டு வந்தவன்தாண்ணே கொலைகாரன். மேல பூட்டி வச்சிருக்கேன். அந்தப் பித்தளைக் காசை அவன் பார்த்திருக்கான்."

"காசா..." ராஜன் சட்டென்று திரும்பினார். "அதுல ஏதாவது எழுதியிருந்துச்சா? பின்பக்கம்? யுகேந்திரன் கையை இறுக்கி மூடிக்கிட்டான். என்னால பிரிச்சுப் பார்க்கவே முடியல."



சொல்லி முடித்த பிறகுதான் ராஜனுக்கே தான் சொன்னது உறைத்தது. போய்ப் பார்க்கவே இல்லை என்று சொன்ன மனுஷன்!

கதவுகள் பூட்டிக்கொண்டன. அவர் மடியில் ஒரு கத்தி வந்து உட்கார்ந்தது.

மேலே இருப்பவர் நிஜமான இன்ஸ்பெக்டர். காசைப் பிணத்தின் கையிலிருந்து எடுத்தவர். அவரைப் பூட்டிவிட்டு, சாவியோடு கொலைகாரன் காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். ரோகிணிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பயம் அதையும் விழுங்கியது.

"பன்னெண்டு வார்த்தை," என்றார் ராஜன். "அவன் சாகுறப்பகூட லோகோல இருக்குன்னுதான் சொன்னான். நீ சொல்லு."

சேவல் என்று சொன்னால் அவளால் பிரயோஜனம் இல்லை. பிரயோஜனம் இல்லாதவளை அவர் என்ன செய்வார் என்பது மடியில் மின்னியது.

"சொல்றேண்ணே. ஒன்பது கண்ணுக்கு ஒன்பது வார்த்தை. கொண்டை, அலகு, வட்டம். மொத்தம் பன்னெண்டு."

ராஜனின் முகம் மலர்ந்தது. ஹேண்ட்போனை எடுத்தார். "முதல் வார்த்தை?"

"மார்க்கெட்."

"ம்."

"அம்ப்ரெல்லா... வரிசை முக்கியம்ணே, மெதுவா அடிங்க... டீச்சர்..."

வாயில் வந்த ஆங்கில வார்த்தைகளை எல்லாம் சொன்னாள். ராஜன் பயபக்தியோடு அடித்தார். ஏழு... எட்டு... பன்னிரண்டாவது முடிந்து பெட்டகம் திறக்கவில்லையென்றால் அவ்வளவுதான். முன்னால் சாலை காலியாகத் தொடங்கியது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். ராஜன் நிமிரவில்லை.

"ஒன்பது?"

"ஒன்பதாவது..."

அவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மூளை காய்ந்துபோயிருந்தது.

"ஒன்பது என்ன? சொல்லு!" கத்தி அவள் விலாவைத் தொட்டது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ஜீன்ஸ் போட்ட ஒரு பெண், தலையில் ஹெல்மெட்.

"பாஸ், ரோட்ட அடைச்சிக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் நவுத்துங்க லா."

ராஜன் கத்தியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். "சாரி, சாரி..."

உள்ளே நுழைந்த கை அவர் சட்டைக் காலரைப் பிடித்தது. இன்னொரு கை பூட்டைத் திறந்தது. மறுபக்கம் இரண்டு போலீஸ்காரர்கள் ரோகிணியை வெளியே இழுத்தார்கள்.

"பயப்படாதீங்க அக்கா. நான் புனிதா, கான்ஸ்டபிள். கீழே மாடிப்படிகிட்டதான் நின்னேன். செருப்பில்லாம ஓடினீங்க, அப்பவே பின்னால வந்துட்டேன். சாரும் உள்ளேருந்து போன் பண்ணிட்டாரு."

போலீஸ்காரரைப் பூட்டும்போது ஹேண்ட்போனை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ரோகிணிக்குத் தோன்றவில்லை. நல்லவேளை!

கால் மணி நேரம் கழித்து, ஸ்டோர் ரூம் பூட்டைத் திறந்தாள். ஜெயராஜ் தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்... நான் உங்களைத்தான் கொலைகாரன்னு..."

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"போலீஸைப் பூட்டி வச்சதுக்கு கேஸ் போடலாம் மா. போடல. அதுக்குப் பதிலா ஒரு வேலை செஞ்சு கொடுங்க. எங்க ஸ்டேஷன் பூப்பந்து டீமுக்கு ஒரு லோகோ வேணும்."

ரோகிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி சார் வேணும்?"

"எப்படி வேணா இருக்கட்டும்," என்றார் ஜெயராஜ், சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே. "அர்த்தம் மட்டும் ஒண்ணும் இருக்கக் கூடாது."